லானி பூசிய கூரை

வெர்னா ஸ்டக்கி தன் வீட்டு வண்டியான மோட்டார்ஹோமின் கூரைமேல் முட்டி போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடல் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. மதியத்துக்குள் மழை கொட்டும், காற்றும் சேர்ந்து அடிக்கும் என்று ரேடியோக்காரன் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் ஓரிகன் கரையில் நவம்பர் மழை பிடித்தால் லேசில் விடாது. அதற்குள் பின்பக்கக் கூரையில் ஒழுகும் மூட்டு இடுக்கை அடைத்தாக வேண்டும். அந்த மூட்டுக்கு நேர் கீழேதான் லானியின் கட்டில்.

லானி அவள் புருஷன். இந்த வண்டியை நாடு முழுக்க ஓட்டித் திரிந்தவன். வசந்தத்தில் வாதம் அடித்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்றாள் மகள் டாரீன். வெர்னாதான் முடியவே முடியாது என்று அடம்பிடித்து வண்டிக்குக் கூட்டிவந்தாள். போன வாரம் கூரை ஒழுகியதை எந்தப் புண்ணியவானோ மகளிடம் ஓதிவிட்டான். நேற்று போன் வந்தது.

"அம்மா, அப்பா மேல இனி ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். குளிர் காய்ச்சல் வந்தா அவர் தாங்குவாரா? நீயே சொல்லு."

"விழாதுடி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் வெர்னா. அவன் இல்லாத வண்டியில் ஒரு ராத்திரிகூட அவளால் படுக்க முடியாது. அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

பழைய பூச்சு பெயர்ந்து வந்தது. அடியில் வழவழவென்று இன்னொரு படலம். விரல் பட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிலிக்கான்! குளியல் தொட்டி ஓரத்தில் பூசுகிற சமாச்சாரம். ரப்பர் கூரையில் அதைப் பூசினால் அப்புறம் அதன்மேல் எந்தப் பசையும் ஒட்டாது. வண்டியிலேயே குடியிருக்கும் ஜனங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரியாமல் பூசினவனை இந்த வண்டிப் பேட்டை முழுக்கச் சொல்லிச் சிரிப்பவனே லானிதான்.

கூரை ஜன்னலுக்குள் குனிந்தாள்.

"யோவ் கிழவா! உன் தலைக்கு மேல என்னய்யா பூசி வச்சிருக்க?"

லானி கீழிருந்து இழுத்தான். "அது வந்து... அரிசோனாவுல ஒரு தடவை. கடை பூட்டிட்டான். கையில இருந்ததைப் பூசினேன்."

"ஒரு தடவையா? அடுக்கடுக்கா இருக்கு!"

"ஒழுகாம இருந்துச்சுல்ல?"

"நல்லா வந்து வாய்ச்சியே எனக்கு!" என்றாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

பக்கத்து வண்டி பர்ல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "என்ன வெர்னா, குடித்தனத்தை மாடிக்கு மாத்தியாச்சா?"

"கிண்டல் பண்ணாம ஏணியைப் பிடி. ஐயா சிலிக்கான் பூசியிருக்காரு."

"லானியா? அடப்பாவி! நான் பூசினப்போ என்னை என்ன பாடு படுத்தினான்!" பர்ல் வானத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "தார்ப்பாய் போட்டுக் கட்டிரலாமா?"

"கூரைமேல தார்ப்பாயைப் பார்த்தா பேட்டை மேனேஜர் வண்டியை எடுன்னுருவான். தெரியாதா உனக்கு?"

படலம் படலமாக உரித்தாள். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் தேய்த்தாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கடைசி முழம் பாக்கி இருக்கும்போதே முதல் தூறல் விழுந்தது. இனி சுரண்ட நேரமில்லை. சுரண்டாத இடத்திலும் சேர்த்துப் புதுப் பசையைப் பிதுக்கினாள், ஜன்னலை இழுத்துச் சாத்தினாள், பசைமேல் மழைக்கோட்டை விரித்து அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு? இறங்கு!" என்று கத்தினான் பர்ல்.

அவள் அசையவில்லை. கூரையில் வாயை வைத்துக் கூவினாள்: "லானி! சொட்டுதுன்னா ஒரு தட்டு. இல்லைன்னா ரெண்டு."

கீழிருந்து கைத்தடி தட்டியது. டொக், டொக்.

மழை முதுகில் அறைந்தது. வண்டி ஆடியது. கேட்கும்போதெல்லாம் இரண்டு தட்டுதான் வந்தது. கடவுளே, ஒழுகல் நின்றுவிட்டது! குளிரில் பல் கிடுகிடுக்க அவள் சிரித்தாள். இத்தனை சந்தோஷம் அவளுக்கு வந்து எவ்வளவோ நாளாயிற்று. மழை சற்றுத் தணிந்ததும் பர்ல் பிடித்த ஏணியில் இறங்கி உள்ளே ஓடினாள்.

லானி வலது கையில் கைத்தடியோடு வெற்றிச் சிரிப்பு சிரித்தான். "பார்த்தியா? காஞ்சு கிடக்கேன்."

அவன் வலப்பக்கம் காய்ந்துதான் கிடந்தது. இடப்பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை சட்டை ஊறி ஒட்டியிருந்தது. மெத்தை சொதசொதவென்று இருந்தது. மல்லாந்து கிடந்த இடது உள்ளங்கையில் தண்ணீர் தேங்கி நின்றது. அதன்மேல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவனுக்கு எந்த உணர்வும் இல்லை. தலையைத் திருப்பிப் பார்க்கவும் வராது. கேட்ட ஒவ்வொரு தடவையும் அவன் உண்மையைத்தான் தட்டியிருக்கிறான்.

வெர்னா அந்தக் கையைக் கவிழ்த்தாள். தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. அவன் சட்டையைக் கழற்றித் துவட்டினாள். கம்பளியைச் சுற்றி அவனை வறண்ட ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"எதுக்குச் சட்டையைக் கழட்டுற?"

அவள் போனை எடுத்தாள். மகளின் எண்ணை அழுத்தினாள்.

"டாரீன்... வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போம்மா."

லானி திடுக்கிட்டு வெர்னாவின் நனைந்த சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஏய், என்ன சொல்ற அவகிட்ட? ஒரு சொட்டுகூட விழலையே வெர்னா!"