முத்தாயி கேட்ட குறி

நீலாய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். இருபத்தாறு வருடம் பால் வெட்டிய முத்தாயிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முயல் பார்க்கிற வேலை கிடைத்தது. ரப்பர் மரத்துக்கே வலிக்காமல் பட்டை சீவிய கைக்கு முயலின் காது நரம்பு எம்மாத்திரம்! அவள் பிடித்தால் முயல் துள்ளாது. இரத்தம் சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கும். "பால் எடுத்தாச்சு மிஸ்," என்பாள். யாரும் திருத்தவில்லை.

மிஸ் என்றால் ராசா என்ற ஊரிலிருந்து வரும் ஹாஜரா, அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். இரத்தம் எதற்கு என்று ஒருநாள் முத்தாயி கேட்டாள்.

"ஒடம்புல ஒரு செல்லு சாகப்போவுதுன்னா, உள்ள ஒரு புரதம் முழிச்சுக்கும்கா. முயல் ரத்தத்துல எடுக்குற எதிர்ப்பொருளு அதுமேல போய் ஒட்டிக்கிட்டுப் பச்சையா குறி காட்டும்."

குறியா! முத்தாயி கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாமியாடி சொல்லும் குறியில் பாதி புளுகு. இது வாயில்லாத ஜீவன் சொல்கிற குறி. அது தொண்ணூற்றேழாம் வருடம். சுமாத்ராக் காட்டுத்தீயின் புகையில் நடுப்பகல் சூரியனும் செக்கச்செவேலென்று தொங்கியது. கூண்டு கழுவும்போது முப்பது சிவந்த கண்களும் தன்னையே பார்ப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். பயம்தான், வேறென்ன.

பயத்துக்குக் காரணம் வீட்டில் இருந்தது. கணவர் மணியத்துக்கு நாலு மாதமாகக் கன்னத்தின் உள்ளே புண். ஆஸ்பத்திரி என்றாலே, "பொகையிலப் புண்ணுலா, அதுவா ஆறும்," என்பார். உடும்புப்பிடி. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அவரும் போய்விட்டால் அவளுக்கு யார்?

ஐஸ்கிரீம் குச்சியால் அவர் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் கொண்டுவந்தாள். இன்னொரு குச்சியில் தன்னுடையதும். "போறதுன்னா ஒண்ணாப் போயிடுவோம் மிஸ், ரெண்டையும் பாருங்க."

"இது மனுசனுக்குப் பாக்குற டெஸ்ட் இல்லக்கா. ஆராய்ச்சிக்கு மட்டுந்தான்." மூன்று நாள் மறுத்தாள் ஹாஜரா. நாலாம் நாள் முத்தாயியின் அழுகை தாங்காமல் இறங்கி வந்தாள்.

நுண்ணோக்கி இருட்டறையில் இருந்தது. முத்தாயியின் கண்ணாடித் தகட்டில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள் மினுங்கின. மணியத்தின் தகட்டில் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை.

முத்தாயி கைகொட்டிச் சிரித்தாள். "அப்ப அவருக்கு ஒண்ணுமில்ல! போறது நாந்தான். போறேன்லா, அதுக்கென்ன!" அவளுக்கு அந்த நேரம் உலகமே கொண்டாட்டமாக இருந்தது.

ஹாஜரா சிரிக்கவில்லை.

"அக்கா, இத வச்சு முடிவு சொல்ல முடியாது. ஆனா நல்ல ஒடம்புல தெனமும் கொஞ்சம் செல்லு செத்துக்கிட்டேதான் இருக்கும். பழசு செத்தாத்தான் புதுசுக்கு எடம். சாக மறந்த செல்லுதான் பெருகிப் பெருகி ஆளையே கொல்லும். அண்ணன இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

முத்தாயி மறுபடியும் குனிந்து பார்த்தாள். மணியத்தின் தகடு ஒரே இருட்டாகக் கிடந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே மெதுவாகக் கேட்டாள்:

"மிஸ், எனக்குள்ள சாவு நெறைய இருக்குல்ல? அதுல கொஞ்சம் எடுத்து அவருக்குப் போட முடியுமா?"