முன் சீட்டு

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் விற்ற ஜீப்பை இன்று கம்பத்தில் பார்த்தேன். புதுப் பெயின்ட் அடித்து மினுமினுவென்று நின்றது.

வாங்கியவர் பக்கத்திலேயே புது மாடல் ஜீப்பையும் நிறுத்தியிருந்தார். "குமுளிக்கு எதுல போவோம்?" என்று பெண்டாட்டியிடம் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "புதுசுல போங்க ஆத்தா, ஏசி இருக்கு. பழசு மலையேறுறப்ப மூச்சு வாங்கும்" என்றேன்.

"ஒருநாளும் வழியில நிக்காத வண்டின்னு உங்க வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொன்னாகளே அக்கா!"

அவள் சிரித்துக்கொண்டே பழைய ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போன காலத்தில் அந்த இடம் வயதானவர்களுக்குத்தான். அதில் என் வீட்டுக்காரர் கறார். நான் பின்னால் தூக்குவாளிகளோடு நெருக்கியடித்து வருவேன். ஒருநாள்கூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லை.

புது ஜீப்பிலும் முன் சீட்டு இருக்கிறதே, அதில் உட்கார்ந்தால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? நீங்களே சொல்லுங்கள்.