நாலு கட்டையில் பொன்னுராஜ்

எங்கள் சபையில் இருபத்திரண்டு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவர் பொன்னுராஜ் அண்ணன். அவருக்கு ஒரே ஒரு சுருதியில்தான் வாசிக்கத் தெரியும் என்பது, அதே இருபத்திரண்டு வருஷமாகப் பாடகர் குழுவை நடத்துகிற எனக்குத் தெரியாது. சிரிக்காதீர்கள். நான் குழுவைப் பார்த்து நிற்பவள். அவர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். காதுக்குச் சரியாக வந்தால் கையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அண்ணனுக்குச் சோழபுரத்தில் வீடு, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. முன்பு வாசித்தவர் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் ஐயர் முழித்துக்கொண்டு நின்றபோது, பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தவர்தான். சித்தப்பா வீட்டுச் சின்னக் கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் தட்டிப் பழகிய கை அது. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம் இல்லையா, ஒரு கட்டை, ரெண்டரைக் கட்டை, நாலு கட்டை என்று? அண்ணனுக்குத் தெரிந்தது ஒரு கட்டை. மற்றதையெல்லாம் டிரான்ஸ்போஸ் பட்டன் பார்த்துக்கொண்டது. அதை அமுக்கிவிட்டு அதே வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் வெளியே வேறு சுருதி கேட்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைத்திருக்கிறார் மனிதர்!

அதற்காக அவரைக் குறைவாக நினைத்துவிட வேண்டாம். என் அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கு நல்ல மழை. கீபோர்டை உரச்சாக்கில் சுற்றி, டி.வி.எஸ். வண்டியில் முன்னால் வைத்து, கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்தார். குடைக்குக் கீழே பேட்டரியில் வாசித்தார். காப்பி கூடக் குடிக்காமல் நைட் ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். எங்கள் சபையில் அப்படி அவர் வராத துக்க வீடு கிடையாது.

பியானோ ஆசை என்னுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் குடும்பம் பழைய வீட்டை இடித்துக் கட்டியது. மாடியில் கரையான் ஏறிய பியானோ ஒன்று கிடக்கிறது, தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார்கள். அதே ஊரில் உக்கிரபாண்டி என்று ஒருவர் இருந்தார். சென்னையில் ஒரு கடையில் பதினைந்து வருஷம் பியானோ பழுது பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, கதவு ஜன்னல் வேலையோடு இதையும் செய்பவர். கம்பி மாற்றி, உள்ளே இருக்கும் சுத்தியலுக்கெல்லாம் புது ஃபெல்ட் ஒட்டித் தர மூன்று மாசம் கேட்டார். சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று பியானோவைப் பிரதிஷ்டை செய்வதென்று நான் நாள் குறித்துவிட்டேன்.

கமிட்டியில் செயலர் ஜெபா வாய் திறந்தார். "பியானோன்னா படிச்ச கை வேணும். நம்ம ஷெரின் பியானோ பரீட்சையெல்லாம் எழுதி முடிச்சிருக்கா. பிரதிஷ்டை அன்னைக்குப் பொன்னுராஜ் வாசிக்கட்டும். சரிப்பட்டு வரலைன்னா மறுவாரத்துல இருந்து அந்தப் பிள்ளை உக்காரட்டும்."

அண்ணன் தலையை ஆட்டினார். எவ்வளவு தாழ்மை என்று நினைத்துக்கொண்டேன். அது பயம் என்று எனக்குப் புரியவில்லை. என் ஆசைதான் அவர் நாற்காலியை இழுக்கப் பார்த்தது என்பதும் புரியவில்லை.

லோடு ஆட்டோவில் பியானோவை ஏற்றிப் பாண்டியின் பட்டறையில் இறக்கியபோது அண்ணனும் கூடப் போயிருந்தார். மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் மெதுவாகக் கேட்டாராம்.

"தம்பி, இதுல டிரான்ஸ்போஸ் எங்கன வரும்?"

பாண்டி சிரித்துவிட்டார். "இது மரமும் கம்பியும் அண்ணாச்சி. எந்தக் கட்டைய அமுக்குதீயளோ அந்தச் சத்தந்தான்."

அண்ணன் அங்கே கிடந்த பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் கதை முடிஞ்சுது தம்பி" என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதைச் சொன்ன முதல் ஆள், அன்றைக்குத்தான் அறிமுகமான, நம் கோயில் வாசலையே மிதிக்காத ஒரு தச்சர்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் பியானோ வரவில்லை என்பதுதான். மூன்று மாசம் ஆயிற்று, நாலு ஆயிற்று. ஃபோன் போட்டால், ஃபெல்ட் வரவில்லை என்பார் பாண்டி. அடுத்த வாரம் கம்பி இளகுகிறது என்பார். அதற்கடுத்த வாரம் மரம் ஈரம் இழுத்துவிட்டது என்பார். எனக்கோ மூக்கின் மேல் கோபம். "நீரு தச்சனா, இல்ல ஜோசியக்காரனா? நாள் நாளாத் தள்ளிக்கிட்டே போறீரு!" என்று ஒரு நாள் கத்தினேன். "மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்றார். அசனமும் பியானோ இல்லாமலே நடந்து முடிந்தது. ஜெபா என்னைப் பார்த்த பார்வையில் சோறு இறங்கவில்லை.

பிறகு பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் அரைநாள் என்று விட்ட ஒரு மதியம், சொல்லாமல் பஸ் ஏறினேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பட்டறைக்குப் பத்தடி முன்னால் கால் நின்றுவிட்டது. உள்ளே பியானோ சத்தம். நம் கீர்த்தனை. ஒரே இடத்தில், கறுப்புக் கட்டையைத் தொட வேண்டிய இடத்தில், தவறி வெள்ளையைத் தொட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து.

எட்டிப் பார்த்தேன். மில் சட்டையோடு பொன்னுராஜ் அண்ணனின் முதுகு.

என்னைப் பார்த்த பாண்டி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பியானோ எப்பம் முடிஞ்சுது?" என்றேன்.

"ரெண்டு மாசம் ஆச்சு டீச்சர்."

"அப்ப என்கிட்ட அம்புட்டு ஏச்சும் எதுக்கு வாங்குனீரு?"

"பொட்டி ரெடியாயிருச்சு. அண்ணாச்சி இன்னும் ரெடியாகலையே" என்றார். "காலை ஷிப்ட் முடிஞ்சு தெனமும் பஸ்ஸேறி வாராவ டீச்சர். ஒரு கட்டை இருந்துச்சு. இப்ப நாலும் அஞ்சும் பிடிபட்டிருக்கு. இன்னும் ஒரு மாசம் குடுங்க. பொட்டி எடத்தை அடைச்சுக் கெடக்குன்னு நான் சொன்னேனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லாத ஒரு மனிதர், என் வாயிலிருந்து வந்த அவ்வளவு பேச்சையும், வேறொருவருக்கு நாள் வாங்கிக் கொடுப்பதற்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளே போகாமலே திரும்பினேன். அந்த ஞாயிறு கமிட்டியில், "ஃபெல்ட் இன்னும் வரலையாம், இன்னும் ஒரு மாசம் ஆகும்" என்று ஜெபாவின் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன். ஆண்டவர் மன்னிப்பார் என்று நம்புகிறேன். ஜெபா மன்னிக்கவில்லை.

தள்ளிப்போன பிரதிஷ்டை நாள் வந்தது. பாட்டுப் பட்டியல் எழுதுவது என் வேலை. ஒரு கட்டை, நாலு, அஞ்சு, இவற்றைத் தவிர வேறு எதிலும் ஒரு பாட்டு கூட எழுதவில்லை. அண்ணன் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர்..."

"என்னண்ணே? நேரமாச்சு, தொடங்குங்க" என்றேன்.

ஒவ்வொரு பாட்டும் நன்றாகவே போனது. சுத்தியல் கம்பியைத் தட்டுகிற அந்தச் சத்தத்தில் கூரையே நிமிர்ந்ததுபோல் இருந்தது. கடைசியில் வேதசிரோமணி ஐயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டியலில் இல்லாத ஒரு கீர்த்தனையைச் சொல்லி, "அதையும் பாடி முடிப்போம்" என்றார். அது எங்கள் சபையில் எப்போதும் ரெண்டரைக் கட்டையில் பாடுவது. ஜெபா முன் பெஞ்சில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"ஐயா, ரெண்டரைக் கட்டை எனக்கு வாசிக்கத் தெரியாது. இம்புட்டு வருசமும் பட்டன்தான் மாத்துச்சு, நான் இல்ல. ஒரு கட்டைன்னா ரொம்ப எறங்கிரும். நாலு கட்டைன்னா வாசிப்பேன்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"நாங்க அழுத வீட்டுக்கெல்லாம் நீ பின்னாலயே வந்தியேப்பா. நீ போற கட்டைக்கு நாங்க வரமாட்டமா? வாசி."

வாசித்தார். அந்தப் பாட்டுக்கு நாலு கட்டை எங்கள் யாருக்குமே தோதில்லாத உயரம். சரணத்தில் என் குரல் கீச்சென்று உடைந்தது. கழுத்து நரம்பு புடைக்க ஜெபாவும் பாடினார், ஷெரினும் பாடினாள். அன்றைக்கு அசனச் சோறு இல்லாவிட்டாலும் வந்து கடைசி வரிசையில் நின்றிருந்த உக்கிரபாண்டி, வார்த்தை தெரியாமல் வாயை மட்டும் அசைத்தார். அவரைப் பார்த்துக்கொண்டே நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பாட்டு முடிந்ததும் ஜெபா குடிக்கத் தண்ணீர் கேட்டார். மறுவாரம் யார் வாசிப்பது என்று யாருமே கேட்கவில்லை.