தேவசகாயம் டாக்டர் போட மறுத்த ஊசி

செவ்வாய்க்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் மாணவிகளோடு வாலிபால் வலை கட்டிக்கொண்டிருந்தேன். பியூன் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "டீச்சர், தாம்பரம் தேவசகாயம் டாக்டர் தவறிட்டாராம்." அழத்தான் செய்தேன். ஆனால் அவரைத் தெரிந்த உங்களிடம் மறைப்பானேன், கண்ணைத் துடைப்பதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. அந்த மனிதரை நினைத்துக்கொண்டு யாரால் முகத்தைத் தொங்கப்போட முடியும்?

அறுபதுகளின் கடைசியில் நான் கல்லூரி வாலிபால் அணியில் இருந்தேன். பந்தை ஓங்கி அடிப்பதுதான் என் வேலை. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் நேரம் நெருங்கியபோது வலது தோள் மக்கர் செய்தது. கையைத் தூக்கினால் உயிர் போகும்; தலை பின்னிவிடக்கூட அம்மா வர வேண்டும். பட்டணத்து டாக்டர் ஒருவர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். அணியில் இடம் கிடைத்தால் வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் கல்யாணம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கவே தொடங்கிவிட்டார்கள்.

நம் டாக்டரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊசி போடுவது திரைக்குப் பின்னால். பலன் பார்ப்பது மட்டும் வராந்தாவில், காத்திருக்கும் அத்தனை பேர் முன்னாலும். மரப்பு மருந்தையும் வீக்கத்தை வற்றவைக்கும் கார்டிசோனையும் கலந்து தோளில் போடுவார். வலி மரத்த பிறகு கை மேலே போனால், தசையை எலும்போடு கட்டும் நாண் அறுந்துபோகவில்லை, வெறும் வீக்கம்தான். அப்போதும் போகாவிட்டால் கத்திதான். கை எட்டிய உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பெயரும் எழுதுவார்.

நானும் அவரிடம் போனேன்; ஊசி போட்டுக்கொண்டு வந்து சுவரோரம் நின்றேன். கை தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது. பம்மல் தோல் கிடங்கில் வேலை செய்யும் ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "இன்னாமா, போய்கினே கீது!" டாக்டர் ஸ்டூல் மேல் ஏறிக் கோடு போட்டார். நான் குதித்தேன். ஸ்டூலில் இருந்து அவரும் குதித்தார்!

"ஊசி வலியைத்தான் இறக்கும். கையை நீதான் ஏத்தணும்" என்றார். ஓய்வும் பயிற்சியும் என்று வாரங்கள் ஓடின. அணித் தேர்வுக்கு முந்தின நாளும் ஓங்கி அடித்தால் வலித்தது.

"இன்னொரு ஊசி போடுங்க டாக்டர். நாளைக்கு ஒரு நாள் மட்டும்."

"போட்டா நாளைக்கு நீ ஆடுவேம்மா. நாண் இன்னும் பலவீனமா இருக்கு. வலி தெரியாம அடிச்சா அறுந்துடும்."

"எனக்கு நாளைக்குத்தான் வேணும்!"

"என்னைத் திட்டிக்கோ. ஊசி கிடையாது."

திட்டினேன். தேர்வும் போயிற்று. அதன் பிறகு ஆராதனைக்கு வரும்போது கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரோ ஞாயிறுதோறும் ஆண்கள் பக்கத்திலிருந்து தன் கையை மெல்ல உயர்த்தி, 'எவ்வளவு போகிறது?' என்று ஜாடையில் கேட்பார். ஒரு ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. பிரசங்கத்தின் நடுவில் வலது கையை முழுக்கத் தூக்கிக் காட்டிவிட்டேன். கர்த்தர் செய்த நன்மைக்கு நான் சாட்சி சொல்ல எழுகிறேன் என்று நினைத்துப் போதகர் ஐயர் பிரசங்கத்தை நிறுத்தினார். டாக்டர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

அடுத்த ஆண்டு அணியில் இடம் கிடைத்தது, பிறகு இந்த வேலையும். அவர் போட்ட ஊசியின் மருந்து எப்போதோ கரைந்துவிட்டது. போட மறுத்த ஊசிதான் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இன்று காலை மைதானத்தில், என் மாணவிகளில் ஒருத்தியாலும் எடுக்க முடியாதபடி ஒரு பந்தை ஓங்கி அடித்தேன்.