மில் நின்ற பிறகும் கேட்ட சத்தம்

வேல்விழிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. காலையில் மில் கொட்டகையில் உட்கார்ந்து, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைப்பாள். மதியத்துக்கு மேல், சூளையிலிருந்து வந்த கோப்பைகளை மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் நல்லது, மொட்டையாக ஒலித்தால் விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அவள் காதுக்குத் தப்பாது.

இரண்டாயிரத்து எட்டில், தீபாவளி போனஸில் எஃப்.எம். வைத்த செல்போன் ஒன்று வாங்கினாள். மண் அரைக்கும் மில்லின் இரைச்சலைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும் என்று, இயர்போனை மாட்டி ஒலியைக் கடைசிவரை ஏற்றிவிடுவாள்.

தை மாதத்தில் ஒரு நாள் மின்வெட்டில் மில் நின்றது.

"ஏக்கா, எந்த மோட்டாரு இன்னும் ஓடுது?" என்று பக்கத்திலிருந்த ஆண்டாளைக் கேட்டாள்.

"கரண்டே இல்ல. மோட்டாரு எப்படிடி ஓடும்?"

வீட்டுக்குப் போன பிறகும் அந்த 'ங்' சத்தம் விடவில்லை. பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். விரிசல் என்று அவள் கழித்துப்போட்ட குவியலை ஆண்டாள் ஒரு நாள் தட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் நல்ல கோப்பைகள். வேல்விழிக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கடலூருக்கு பஸ் ஏறினாள். காது டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை. சளி பிடித்ததா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்றெல்லாம் கேட்டார். கடைசியில் செல்போன் கண்ணில் பட்டது.

"எப்பவும் கேக்குற மாதிரி பாட்டைப் போட்டு, இயர்போனை மேசைமேல வைங்க."

வைத்தாள். அறை முழுக்கப் பாட்டு கேட்டது.

"மேசையில வெச்சாலே எனக்கு இங்க கேக்குதும்மா. காதுக்குள்ள எப்படி இருந்திருக்கும்? மில்லு சத்தம் வேற. உள்காது நொந்துபோச்சு. சின்ன வயசுன்னா மட்டும் காது தாங்கிடாது. இப்பவே நிறுத்துனா குறையும். முழுசாப் போகுமான்னு சொல்ல முடியாது."

காரணம் தெரிந்ததே அவளுக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல இருந்தது. முதலாளி ராஜமாணிக்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மில் ஓட்டும் நல்லமுத்துவும் வாய் திறந்தான். அவனுக்கும் அவள் வயதுதான்.

"எனக்கும் ரெண்டு வருஷமா இருக்குதுங்க. சொன்னா வேலையவுட்டு எடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

ராஜமாணிக்கம், "இதை முன்னாடியே நான் கேட்டிருக்கணும்ப்பா" என்றார். அடுத்த வாரம் மில் கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் காது மூடி வந்தது. துடைக்கிற வேலையும் தட்டுகிற வேலையும் பின்பக்கக் கிடங்குக்கு மாறின.

இரண்டு மாதத்தில் சத்தம் கொசு ரீங்காரமாகத் தேய்ந்தது. விரிசல் மறுபடி பிடிபட்டது. சந்தேகமானதை மட்டும் ஆண்டாளிடம் நீட்டுவாள்.

அடுத்த வருஷம் மாசி மகத் திருவிழாவில் ஒலிபெருக்கியைவிட்டுத் தள்ளி, மணிமுத்தாற்று மணலில் அவளும் ஆண்டாளும் உட்கார்ந்தார்கள்.

"இன்னும் கேக்குதாடி?"

"கேக்குதுக்கா. அது பாட்டுக்கு இருக்குது, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிவர எழுந்து போனாள்.