கடற்படை வெல்ல வேண்டும்

என் மனைவி அமெரிக்காவுக்குப் போனது பந்து விளையாட்டுப் பார்க்க. சொன்னால் எங்கள் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மகளின் மகன் அங்கே ஓர் இராணுவக் கல்லூரியில் படிக்கிறான், அதன் அணியிலும் விளையாடுகிறான். "ஒரு சீசன் முழுக்க இருந்து பாத்திட்டு, திருவெம்பாவைக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு ஆவணியில் விமானம் ஏறினாள். வீடும் இரண்டு ஆடுகளும் நானும் மிஞ்சினோம். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆட்டைக் காட்டினேன்.

பேரன் வெளிநாட்டில் படிக்கிறான் என்று மட்டும்தான் ஊரில் சொல்வேன். சீருடையைக் கண்டால் ஒளித்த காலம் எங்களுக்கு மறக்கவில்லை. அவன் அந்தக் கல்லூரியில் சேர்ந்த செய்தி வந்த அன்று இவள் அடுப்பு மூட்டாமல் அழுதவள். இப்போது அதே பிள்ளைகள் அணிவகுத்து மைதானத்துக்குள் வரும்போது கை தட்டுகிறாளாம்.

அங்கே சனிக்கிழமை பகலில் ஆட்டம் நடக்கும்போது இங்கே நான் நல்ல நித்திரை. ஞாயிறு காலையில் மருமகன் அனுப்பும் வீடியோவைத் தேத்தண்ணியோடு பார்ப்பேன். உதைபந்து என்று பெயர்தான், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி ஆளையாள் விழுத்துகிறார்கள். விதிமுறை ஒன்றும் எனக்கு விளங்காது. கமரா சனங்கள் பக்கம் திரும்பும் அந்த ஒன்றிரண்டு வினாடிக்காகத்தான் முழுவதையும் பார்த்தேன். கம்பளித் தொப்பியும் தடித்த ஜக்கெற்றும் போட்டால் எல்லாக் கிழவிகளும் ஒன்றுதான். ஆனால் மற்றவர்கள் துள்ளி எழும்பி முடிந்தபிறகு ஒருத்தி மெதுவாக எழும்புவாள். அவள்தான் என்னுடையவள். நவம்பரில் ஒரு கிழமை எவ்வளவு தேடியும் அவளைக் காணவில்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தால், எல்லோருக்கும் முதல் எழும்பி நிற்கிறாள். அவளுக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கும் எனக்கு ஒரு வேலை தந்துவிட்டுத்தான் போயிருந்தாள். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போய், அம்மாளுக்குப் பேரன் பெயரில் ஓர் அருச்சனை. "வெல்லவேணும் எண்டு கேளுங்கோ" என்பாள். நானும் சொன்னபடி கேட்டு வந்தேன். பேரனின் அணியினரும் வென்றும் தோற்றும் டிசம்பருக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடைசி ஆட்டம் கடற்படைக் கல்லூரியோடு. தோற்றால் சீசன் முடிந்தது, இவள் அடுத்த கிழமையே விமானம் ஏறிவிடுவாள். வென்றால் புதுவருசத்தை ஒட்டி இன்னோர் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்களாம், மருமகன் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் இலங்கைக் கடற்படைக்காரர் வழக்கம்போல நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் படகு வரிசையில் நின்றுகொண்டு, கடற்படை வெல்ல வேண்டும் என்று மனதார நினைத்தேன். இந்தத் தீவில் பிறந்த ஒருவன் அப்படி நினைக்கிறான் என்று பக்கத்தில் நின்றவர்கள் அறிந்திருந்தால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

கோயிலில் பேரனின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொன்னேன். அவர் மந்திரம் சொல்லச் சொல்ல, "தாயே, பிள்ளையில் ஒரு கீறலும் படக்கூடாது. ஆனால் தோற்கவேணும்" என்று கேட்டேன். அங்கிருந்து அவள் ஒன்று கேட்கிறாள், இங்கிருந்து நான் இன்னொன்று கேட்கிறேன். அம்மாள் யாருடைய பக்கம் என்று திரும்பி வரும்போது படகு முழுக்க யோசித்தேன்.

கடற்படை வென்றது. ஞாயிறு காலை அதைப் பார்த்தவுடன் எழும்பி முற்றத்தைக் கூட்டினேன். மழை விட்டிருந்த நேரத்தில் அவளுடைய தலையணையை வெயிலில் போட்டேன். ஆடுகளுக்குக் குழை ஒடிக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

பின்னேரம் போன் வந்தது. அவள்தான்.

"பாத்தனீங்களே?"

"ஓம், பாத்தனான்."

"பிள்ளை ஒரு வாய் சாப்பிடேல்லை. என்ரை மடியிலை தலையை வைச்சு அழுதவன். அடுத்த வருசம்தான் அவனுக்குக் கடைசி. விசாவை நீட்டலாமாம். அதையும் நிண்டு பாத்திட்டு வரட்டே?" பிறகு சொன்னாள்: "நீங்கள் வா எண்டால் வாறன்."

வாரும் என்று சொல்லியிருக்கலாம். அவள் இல்லாமல் எனக்கு ஏலவில்லை. இந்த நாலு மாதமும் நான் அதிகம் கதைத்தது ஆடுகளோடுதான். ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒருநாளாவது, நீர் எனக்கு வேணும் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எப்போதும் குசினிக்குள் நின்றவளிடம் அதைச் சொல்லத் தேவை வரவில்லை. இப்போது சொல்லப் போனால் வாய் வருகுதில்லை.

"இஞ்சை எனக்கு ஒரு குறையுமில்லை" என்றேன். "நீர் நிண்டு பாரும்."

அவள் நம்பிவிட்டாள்.