பாறைக்குப் பின்னால் இருந்தவன்

காலாட்படைக்குக் கொடி எப்படியோ, பீரங்கிப்படைக்குப் பீரங்கி அப்படி. பயிற்சி முடிந்ததும் அதன் முன்னால் நின்றுதான் உறுதிமொழி எடுத்தோம். அதன்மேல் உட்காரக் கூடாது. ஆயுதபூஜைக்குச் சந்தனம் பூசி மாலை போடுவோம். எந்த நிலையிலும் அதை விட்டுவிட்டு ஓடக் கூடாது என்பதுதான் எங்கள் ரெஜிமெண்டின் முதல் பாடம்.

நான் ஓடினேன்.

எல்லையில் ஒரு மலைச்சரிவு. குழாய்க்குள் குண்டைத் திணிப்பது என் வேலை. குறி பார்ப்பவன் மதுரை டவுன்காரன், முஸ்லிம், என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். எதிர்த்தரப்புக் குண்டு ஒன்று எங்களுக்கு மிக அருகில் விழுந்தது. கூட இருந்த இரண்டு பேர் காயப்பட்டு விழுந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. என் கால்களே என்னைப் பாறைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டன. அவன் தனியாக நின்றான். தானே திணித்து, தானே குறி பார்த்து, தானே சுட்டான். அன்று செவிடானதுதான் அவனுடைய இடது காது. புகை அடங்கியபோது நான் திரும்பி வந்து நின்றுகொண்டேன். அதிகாரி வந்து இருவர் முதுகிலும் தட்டினார்.

விடுப்பில் உசிலம்பட்டிக்கு வந்ததும் மனைவியிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அதில் நின்றவன் நான். ஓடியவன் என்று யாருமே இல்லை. ஓய்வுபெற்ற பிறகு எழுமலைப் பக்கம் ஒரு பள்ளியில், பதக்கங்களைக் குத்திக்கொண்டு, சுதந்திர தினத்தில் பிள்ளைகளிடமும் அதையே சொன்னேன். கைதட்டினார்கள்.

போன வருடம் எங்கள் ரெஜிமெண்ட் உருவான நாளுக்கு, வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் ஒரு மண்டபத்தில் ஓய்வுபெற்றவர்கள் குடும்பத்தோடு கூடினோம். அவனும் வந்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்னால் என் மனைவி அவனிடம் போனாள்.

"அண்ணே, அன்னிக்கு இவரு மட்டும் தனியா நின்னு சுட்டாராமே?"

"கேக்கல தங்கச்சி. கொஞ்சம் சத்தமா சொல்லு."

அவள் சத்தமாகச் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில், இருந்திருந்தால் தேவலை.

"ஆமா தங்கச்சி. மாப்ள நின்னான்."

கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"பொண்டாட்டி முன்னாடி உன்னைய வேற என்னத்த சொல்ல? எனக்கு அது ஒண்ணும் பெருசில்ல மாப்ள. ஆனா பள்ளிக்கூடத்துலயும் போய்ப் பேசுறியாமே. பிள்ளைக நம்பும்டா. அங்க வேணாம்."

திரும்பும்போது பஸ் செக்கானூரணி தாண்டியதும் மனைவியிடம் உள்ளதைச் சொன்னேன். கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஓடுனதுல ஒண்ணுமில்ல. உசுரு யாருக்குத்தான் வெல்லமில்ல? அம்புட்டுப் பேரு முன்னாடி அந்த மனுசன்கிட்ட என்னைய அப்படிக் கத்த விட்டீகளே, அதத்தான் தாங்க முடியல."



குடியரசு தினத்துக்குத் தலைமையாசிரியர் மறுபடி கூப்பிட்டார். போனேன். பதக்கம் குத்திக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "அப்ப போன தடவ ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"வெட்கமா இருந்துச்சும்மா" என்றேன். யாரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியர் அவசரமாக மைக்கை வாங்கி மிட்டாய் கொடுக்கப்போவதாக அறிவித்தார். அடுத்து வந்த சுதந்திர தினத்துக்கு அவர் வேறு யாரையோ அழைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.